பெயரும் வேண்டும், தூக்கமும் வேண்டும்: ஐடி ஊழியர்களுக்கான முழு வழிகாட்டி

ஐடி கம்பெனியில் பெயர் எடுக்க ஒரே வழி இன்னும் கொஞ்ச நேரம் உழைப்பதுதான் என்று பலர் நம்புகிறார்கள். இரவு பத்தரை மணி கான்ஃபரன்ஸ் காலில் தனக்கு வேலை இல்லாவிட்டாலும் சேர்ந்துகொள்வார்கள். சனிக்கிழமை ரிலீஸ் என்றால் முதலில் கை தூக்குவார்கள். வருடம் முழுக்க இப்படி ஓடிவிட்டு, ரேட்டிங் வரும்போது எல்லோருக்கும் கொடுத்த அதே நடுத்தர ரேட்டிங்கைப் பார்த்து மனம் உடைவார்கள். உழைத்த மணிக்கணக்கு யார் நினைவிலும் தங்குவதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். ஒரு வேலை இன்னொருவரின் நேரத்தை மிச்சப்படுத்தி, அந்த விவரம் எழுத்திலும் இருந்தால்தான் அது தங்கும்.

நான்கு முதல் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். சென்னை ஓஎம்ஆரிலோ கோவையிலோ பெங்களூருவிலோ அமர்ந்து அமெரிக்க, ஐரோப்பிய கிளையண்டுகளுக்கு வேலை செய்பவர்கள் இவர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு படிகள் போதும், மற்றவை காத்திருக்கட்டும்.

படி 1: இருக்கும் நேரத்தை எண்ணுங்கள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஆறாவது மாதத்தில் சுருண்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே நிரம்பிய வாரத்தின் மேல் லிங்க்ட்இன் பதிவு, மீட்டப் (தொழில்நுட்பச் சந்திப்பு) பேச்சு, சான்றிதழ் தேர்வு என்று அடுக்கினால் அது எங்கே போய் முடியும்?

இரண்டு வாரம், ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய மணிகளை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: உங்களுக்கென்று ஒதுக்கிய வேலை, மீட்டிங், திடீரென்று வந்தவை (டீம்ஸ் பிங், "ஒரு நிமிஷம் பார்க்க முடியுமா", புரொடக்‌ஷன் டிக்கெட், அதாவது இயங்கும் சிஸ்டத்தில் வந்த கோளாறுப் புகார்), காத்திருப்பு. காத்திருப்பு என்பது பில்டு முடிவதற்கும், அனுமதி கிடைப்பதற்கும், கிளையண்ட் பதில் சொல்வதற்கும் போன நேரம். பெரும்பாலானோருக்கு மூன்றாவது வரிசைதான் அதிர்ச்சி தரும்.

மாலை கால்களைத் தனியாகக் குறியுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மேற்குக் கரை என்றால் இரவு 9.30, 10.30. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நவம்பரில் ஒரு மணி நேரம் தள்ளிப்போன காலின் நேரத்தை யாரும் திரும்பப் பேசி மாற்றுவதில்லை, அது அப்படியே நான்கு மாதம் ஓடும். அந்த வாரமே "அரை மணி முன்னால் வைக்கலாமா" என்று கேட்பது சிறிய விஷயம். அதன் பலன் மார்ச் வரை கிடைக்கும்.

கணக்கு கையில் இருந்தால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் எங்கிருந்து எடுக்கலாம் என்று தெரியும். நீங்கள் வாயே திறக்காத மீட்டிங்குகளை முதலில் பாருங்கள். "என் பகுதி வரும்போது கூப்பிடுங்கள், மற்றதை மினிட்ஸில் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் பெரும்பாலான மேனேஜர்கள் சரி என்பார்கள். அடுத்து, ஸ்டேட்டஸ் கால் ஒன்றை எழுத்து வடிவ ஸ்டேட்டஸாக மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

மூன்று மணி நேரம் என்பது உச்ச வரம்பு. அதில் குறைந்தது இரண்டு மணி நேரம் அலுவலக நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் சமையல், பிள்ளைகள், பெரியவர்கள் என்று இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கும் பெண்களுக்கு "ராத்திரி உட்கார்ந்து எழுதலாமே" என்ற யோசனை வெறும் கேலிதான்.

மூன்று மணி நேரம் கிடைக்கவே இல்லை என்றால் அடுத்த படிகளைத் தொடாதீர்கள். முதலில் வேலைச் சுமையை மேனேஜரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். "வேலை ரொம்ப அதிகமா இருக்கு" என்று சொன்னால் "எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற பதில் தயாராக இருக்கும். பட்டியலோடு போங்கள்: "இந்த வாரம் என் கையில அஞ்சு வேலை இருக்கு. ரிலீஸையும் டேட்டா மைக்ரேஷனையும் முடிச்சுடறேன். மத்த மூணுல எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம்னு நீங்களே சொல்லுங்க." அவர் எதைத் தள்ளச் சொன்னாரோ அதை அன்றே இரண்டு வரி மெயிலில் போட்டுவிடுங்கள். வாய்ச்சொல் ஜூனில் இருந்து மார்ச் அப்ரைசல் வரை நிற்காது.

பர்ன்அவுட்: எதைச் சொல்கிறோம்?

உலக சுகாதார நிறுவனம் தனது ஐசிடி-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த நிலையாக வரையறுத்திருக்கிறது. நோய் என்று வகைப்படுத்தவில்லை. மூன்று கூறுகளைச் சொல்கிறது: தீராத களைப்பு, வேலையின் மீது வரும் விலகலும் கசப்பும், தன் திறமை குறைந்துவிட்டது என்ற உணர்வு. களைப்பு மட்டும் என்றால் இரண்டு வாரம் லீவு எடுத்தால் சரியாகலாம். மற்ற இரண்டும் சேர்ந்துவிட்டால் லீவு முடிந்து திரும்பிய மூன்றாம் நாளே பழைய நிலை வந்துவிடும்.

வேலை நேரத்துக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35–40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம். ஓஎம்ஆர் போக்குவரத்தில் போகும் நேரம் இந்த 55-ல் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுமை மட்டும்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். பர்ன்அவுட் பற்றி நீண்ட காலம் ஆய்வு செய்த கிறிஸ்டினா மஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் ஆறு இடங்களைச் சுட்டுகிறார்கள்: சுமை, தன் வேலை மீதான கட்டுப்பாடு, அங்கீகாரம், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள். அங்கீகாரம் கிடைக்காததே ஒருவரைச் சோர்வடையச் செய்யும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆகவே பெயர் எடுக்கும் முயற்சியை வேண்டாத பேராசை என்று ஒதுக்கவும் முடியாது. அளவோடு செய்தால் அதுவே ஒரு தடுப்பு.

நம் வேலையில் இது எப்படித் தெரியும்? கோட் ரிவ்யூவில் வரும் சாதாரணக் கருத்துகூட அவமதிப்பாகப் படும். ஆன்கால் (அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கும் முறை) முடிந்த பிறகும் போன் அதிர்ந்தது போலத் தோன்றும். முன்பு அரை மணியில் கண்டுபிடித்த பிழைக்கு அரை நாள் ஆகும். தூக்கம் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு, சர்க்கரை ஆகியவையும் இதே களைப்பைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

படி 2: வெள்ளிக்கிழமை இருபது நிமிடம்

வாரத்தின் மூன்று மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் வேலைப் பதிவுக்கு. மற்ற எதை விட்டாலும் இதை விடக்கூடாது. ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் நான்கு வரி எழுதினால் போதும்: என்ன பிரச்சினை, நீங்கள் செய்தது என்ன, முன்னும் பின்னும் எண்கள், யாருக்குப் பயன்.

மாதிரிக்கு ஒன்று: "இரவு பேட்ச் ஜாப் 3 மணி 40 நிமிடம் ஓடியது, காலை 6 மணி அறிக்கை அடிக்கடி தாமதம். ஆர்டர் டேபிளில் தேதிக்கு இண்டெக்ஸ் இல்லாததுதான் காரணம் என்று கண்டு சேர்த்தேன். இப்போது 25 நிமிடம். ஃபைனான்ஸ் டீம் காலையில் டிக்கெட் போடுவது நின்றது. டெஸ்டிங்கில் உதவியவர்: இன்னார்."

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, வேலையை முடித்த பிறகு "முன்பு எவ்வளவு இருந்தது?" என்று தேடுவது. அதற்குள் பழைய லாக் அழிந்திருக்கும். எந்த வேலையையும் தொடங்கும் முன்னால் இப்போதைய அளவை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிக்கெட்டிலேயே ஒட்டிவிடுங்கள். பழைய எண் இல்லாத சாதனையை மேனேஜரால் மற்ற மேனேஜர்கள் முன் வாதாட முடியாது.

நடக்காமல் தடுத்த கோளாறுகளுக்கு யாரும் கைதட்டுவதில்லை. இணையதளத்தின் பாதுகாப்பு சர்டிபிகேட் காலாவதியாகும் முன்பே புதுப்பித்தவரை யாருக்கும் தெரியாது. காலாவதியான பிறகு ராத்திரி முழுக்க விழித்துச் சரிசெய்தவருக்குத்தான் பாராட்டு மெயில். இந்த அநியாயத்தை எண்ணால் மட்டுமே ஓரளவு நேர்செய்யலாம். போன காலாண்டில் எத்தனை அலர்ட், இந்தக் காலாண்டில் எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பதிவைக் கம்பெனியின் சிஸ்டத்திலேயே வைத்திருங்கள். கிளையண்ட் பெயர், டேட்டா, கோட் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பக்கூடாது. அப்படி அனுப்பி வேலை இழப்பது உண்மையான ஆபத்து. வேலை மாறும்போது தேவைப்படும் என்றால், பெயர்களை நீக்கிப் பொதுவாக்கிய சுருக்கத்தை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தம் அதையும் தடுக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 3: குறுகிய பொருள் ஒன்று

"கிளவுட் நிபுணர்", "ஏஐ ஆர்வலர்" என்ற அடைமொழிகளால் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். "போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் திடீரென்று மெதுவானால் அவரைக் கேள்" என்று சொல்லும்படி இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் அட்டையில் ஒரே பணம் இருமுறை பிடிக்கப்படாமல் தடுப்பது, ஆண்ட்ராய்டு ஆப் திறக்கும் நேரத்தைக் குறைப்பது, கிளவுட் பில்லில் யாரும் பயன்படுத்தாத டிஸ்குகளைக் கண்டுபிடிப்பது: இந்த அளவுக்குக் குறுக்குங்கள்.

தேர்வு செய்யும்போது மூன்று கேள்விகள். உங்கள் அன்றாட வேலையில் இது மாதம் இரண்டு முறையாவது வருகிறதா? இல்லையென்றால் படிப்பதெல்லாம் இரவில்தான் நடக்கும். இதனால் வேறு யாராவது மணிக்கணக்கில் நேரம் இழக்கிறார்களா? மூன்று வருடம் கழித்தும் இந்தச் சிக்கல் இருக்குமா? மூன்றாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கருவியின் பெயரைப் பிடித்தால் அது மாறிவிடும். பிரச்சினையைப் பிடித்தால் கருவி மாறினாலும் அறிவு கூடவே வரும்.

தமிழ்க் கணிமை பக்கம் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அங்கே ஆட்கள் குறைவு, தீராத சிக்கல்கள் நிறைய. ஒரு எடுத்துக்காட்டு: யூனிகோடில் "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடலில் வேறு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒரே வடிவமாக ஒருமைப்படுத்தாமல் டேட்டாபேஸில் ஏற்றிவிட்டால், வாடிக்கையாளர் தன் ஊர்ப் பெயரையே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். வங்கி ஆப், அரசு இணையதளம், ஓடிடி தேடல் எதிலும் இந்தப் பிழை வரலாம். இதைப் பற்றி ஒழுங்காக ஒரு கட்டுரை எழுதினால் அந்தப் பக்கம் தேடி வருபவர்கள் உங்களிடம்தான் வந்து சேருவார்கள்.

படி 4: ஒருமுறை எழுதுங்கள், பத்துமுறை சொல்லாதீர்கள்

முதல் ஆறு மாதம் வெளியுலகத்தை மறந்துவிடுங்கள். அலுவலகத்துக்குள் சொல்லுக்கு மதிப்பு வரட்டும்.

ஒரே கேள்வியை மூன்றாவது முறை யாராவது கேட்டால் அதை ஒரு பக்கமாக எழுதுங்கள். முதல் இரண்டு தடவை வாயால் சொல்வதில் தவறில்லை. அதற்குள் கேள்வியின் உண்மையான வடிவம் பிடிபடும். பக்கத்தின் தலைப்பில் உங்கள் கவித்துவத்தைக் காட்டாதீர்கள். திரையில் வரும் எர்ரர் மெசேஜையே அப்படியே தலைப்பாக வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்காலில் இருப்பவர் அதைத்தான் காப்பி செய்து கான்ஃப்ளூயன்ஸ் போன்ற அலுவலகக் குறிப்புத் தளத்தில் தேடுவார்.

உள்ளே முதலில் அறிகுறி. அடுத்து, காரணம் இதுதானா என்று சோதிக்கும் கமாண்ட். அதன் சரியான வெளியீடும் தவறான வெளியீடும். பிறகு தீர்வு. பிறகு, பலரும் விட்டுவிடும் பகுதி: இந்தத் தீர்வை எப்போது செய்யக்கூடாது. ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல்) பின்தங்கியிருக்கும்போது செய்தால் டேட்டா போகும் என்பது போன்ற எச்சரிக்கை ஒன்று இருந்தாலே அந்தப் பக்கத்தை மக்கள் நம்புவார்கள். கடைசியில் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு பக்கத்துக்குச் செலவிட வேண்டாம்.

இரண்டாவது வாய்ப்பு, கோளாறு நடந்த பிறகு எழுதும் அறிக்கை. யாருக்கும் அதை எழுதப் பிடிப்பதில்லை, ஆனால் கிளையண்டில் இருந்து டைரக்டர் வரை எல்லோரும் படிப்பது அதைத்தான். நேர வரிசையை இந்திய நேரத்திலும் யூடிசியிலும் (உலகப் பொது நேரம்) கொடுங்கள். எப்போது தொடங்கியது, எப்போது நமக்குத் தெரிந்தது என்ற இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இடைவெளிதான் பெரும்பாலும் உண்மையான பிரச்சினை. ஆட்களின் பெயரைக் குற்றப் பட்டியலில் போடாதீர்கள். "இன்னார் தவறான ஃபைலை ஏற்றினார்" என்று எழுதினால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். "தவறான ஃபைலை ஏற்றினாலும் தடுக்கும் சோதனை இல்லை" என்று எழுதினால் செய்ய வேண்டிய வேலை தெரியும்.

மூன்றாவது, டிசைன் ஆவணம். இரண்டு பக்கம் போதும். தேர்ந்தெடுத்த வழியை விட, வேண்டாம் என்று விட்ட வழிகளும் அதற்கான காரணமும்தான் அனுபவத்தைக் காட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் விழுந்தவர்கள் ஏராளம். நன்றாக எழுதுபவர், பொறுமையாகச் சொல்பவர் என்று தெரிந்ததும் எல்லாக் கேள்வியும் உங்களை நோக்கித் திரும்பும். தெரிந்தவர் தலையிலேயே எல்லாம் விழும் என்பது எந்த ஆபீஸுக்கும் பொருந்தும். பெயர் வந்தது, தூக்கம் போனது என்ற கதை இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு தற்காப்புகள் வேண்டும். செவ்வாய், வியாழன் மாலை 3 முதல் 3.30 வரை போல இரண்டு அரை மணி நேரங்களைக் கேள்விகளுக்கென்று காலண்டரில் திறந்து வையுங்கள். புரொடக்‌ஷன் விழுந்தால் ஒழிய மற்ற நேரத்தில் பக்கத்தின் லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். அடுத்த காலாண்டுக்குள் இன்னொருவரைத் தயார்செய்து, பக்கத்தில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். "நான் இல்லையென்றால் நடக்காது" என்ற நிலை சிலருக்கு இனிக்கும். ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்கு லீவும் கிடைக்காது, பதவி உயர்வும் எளிதில் கிடைக்காது; அந்த இடத்தை விட்டு நகர்த்த மேனேஜருக்கு மனம் வராது.

மினிட்ஸ் எழுதுவது, பிறந்தநாள் கேக், தீபாவளிக் கொண்டாட்டக் குழு, புதியவர்களுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுப்பது ஆகியவை டீமுக்குத் தேவையான வேலைகள்தான், ஆனால் ரேட்டிங்கில் எண்ணப்படுவதில்லை. பெரும்பாலும் பெண்கள் தலையில் கட்டப்படுபவையும் இவைதான். மறுப்பதை விட முறை வைப்பது எளிது: "இந்த மாசம் நான் பண்ணிட்டேன், அடுத்த மாசத்துக்கு யாருன்னு இப்பவே பேர் போட்டுடலாம்."

படி 5: மேனேஜர் கையில் ஐந்து வரி

ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடும் அப்ரைசலில் நீங்கள் நிரப்பும் செல்ஃப் அப்ரைசலை விட முக்கியமான இடம் நார்மலைசேஷன் மீட்டிங். பல மேனேஜர்கள் ஓர் அறையில் அமர்ந்து, உயர் ரேட்டிங்குகள் இத்தனைதான் என்ற வரம்புக்குள் யாருக்கு எது என்று பேசி முடிக்கிறார்கள். ரேட்டிங்குகளை விகிதப்படி பங்கிடும் பெல் கர்வ் என்ற பெயர் இல்லாத கம்பெனிகளிலும் பட்ஜெட் என்ற பெயரில் அதே வரம்பு இருக்கும். அங்கே நீங்கள் இல்லை. உங்கள் மேனேஜருக்கு ஆளுக்கு ஓரிரு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த நிமிடங்களில் அவர் படித்துச் சொல்லக்கூடிய ஐந்து வரிகளை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைப் பதிவில் இருந்து காலாண்டுக்கு ஒருமுறை ஐந்து வரி எடுத்து மெயில் அனுப்புங்கள். வருடக் கடைசிச் சுருக்கத்தை செல்ஃப் அப்ரைசல் திறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். திறந்த பிறகு கொடுத்தால் அவர் மனதில் பட்டியல் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். மார்ச்சில் பேசுபவரை விட ஜனவரியில் பேசுபவருக்கு வாய்ப்பு அதிகம்.

அந்த அறையில் உங்கள் பெயரைக் கேட்டதும் தலையசைக்க இன்னொரு மேனேஜராவது வேண்டும். அவர் டீமுக்கு உங்கள் பக்கம் ஒன்று பயன்பட்டிருந்தாலே போதும். கிளையண்ட் பாராட்டு வாயால் வந்தால் அங்கேயே கேட்டுவிடலாம்: அதை இரண்டு வரி மெயிலாக என் மேனேஜரையும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று. ரிலீஸ் முடிந்த அன்றே கேளுங்கள், அடுத்த மாதம் கேட்டால் யாசகம் போல ஆகிவிடும்.

பதவி உயர்வுக்கு அடுத்த நிலைக்கான தகுதிப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். எங்கே குறை என்று கேட்டு, அதையும் மெயிலில் பதியுங்கள். இரண்டு சுழற்சியில் "அடுத்த முறை பார்க்கலாம்" என்று மட்டும் வந்து, குறை எது என்று யாரும் எழுதித் தரவில்லை என்றால், அந்த இடத்தில் இன்னும் கடினமாக உழைப்பது பயன் தராது. ரெஸ்யூமேயைத் தூசி தட்டுங்கள்.

படி 6: வெளியே போகும்போது

உள்ளே எழுதிய பக்கங்கள் ஐந்தாறு ஆனதும் வெளியே வரலாம். முதலில் வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து பற்றிய பிரிவையும், சோஷியல் மீடியா விதிகளையும், ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு முன்னனுமதி தேவையா என்பதையும் படியுங்கள். சில ஒப்பந்தங்கள் அலுவலக நேரத்துக்கு வெளியே எழுதும் கோடுக்கும் உரிமை கோருகின்றன. சந்தேகம் இருந்தால் மெயிலில் கேட்டுப் பதிலைச் சேமியுங்கள். கிளையண்ட் பெயர், ஸ்கிரீன்ஷாட்கள், உண்மையான எண்கள் எதுவும் வெளியே போகக்கூடாது. "ஒரு பெரிய வங்கி" என்று மறைத்தாலும் லிங்க்ட்இன் ப்ரொஃபைலைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும், கவனம்.

சொந்தச் சூழலில் அதே சிக்கலைப் போலி டேட்டாவோடு உருவாக்கி, அதை வைத்து எழுதுவதுதான் பாதுகாப்பு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை, 800 முதல் 1200 சொற்கள், நான்கு மணி நேரத்துக்குள். தமிழில் எழுதுவதை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். 2012 முதல் வரும் கணியம் போன்ற தமிழ்த் தொழில்நுட்ப இதழ்கள் இருக்கின்றன. உங்களைப் போலவே தமிழ் வழியில் படித்து வந்த பலருக்கு அது முதல் வாசல்.

பேச விரும்பினால் சிறிய அரங்கில் தொடங்குங்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் பைத்தான் மொழியினருக்கான சென்னைபை குழுவும் பல வருடமாக இருக்கின்றன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவில் தமிழிலேயே பேசலாம். முதலில் ஐந்து நிமிடப் பேச்சு, பிறகு இருபது நிமிடம், அதன் பிறகுதான் 2009-ல் தொடங்கிய பைகான் இந்தியா போன்ற மாநாடுகள். இருபது நிமிடப் பேச்சைத் தயாரிக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஐந்து வாரத்துக்குப் பிரித்துக்கொண்டால் வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம், வரம்புக்குள் அடங்கிவிடும். கடைசி மூன்று இரவுகளில் முடிக்கப் பார்த்தால் பேச்சும் கெடும், அந்த வார வேலையும் கெடும்.

மாநாட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: யாருக்கு எந்தச் சிக்கல், நீங்கள் சோதித்த வழிகள், கேட்பவர் மறுநாள் செய்து பார்க்கக்கூடியது என்ன. நிராகரிப்பு சாதாரணம். அதே சுருக்கத்தைத் திருத்தி வேறு இடத்துக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி ஒரு நிமிடத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதிப் பழகுங்கள். நடுப்பகுதியை டெமோ தாங்கிக்கொள்ளும். பதில் தெரியாத கேள்விக்கு "பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்று சொல்லி, மறுநாள் உண்மையிலேயே எழுதினால், பேச்சு தராத மதிப்பை அது தரும்.

லிங்க்ட்இன் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது. தினம் ஒரு பதிவு என்ற சவால்கள் அல்காரிதத்துக்குத் தீனி போடும் வேலை. வாரத்துக்கு இரண்டு முறை, பதினைந்து நிமிடம், டைமர் வைத்து. கட்டுரை எழுதியிருந்தால் அதைப் பகிருங்கள், மற்றவர் எழுதியதற்குப் பொருளுள்ள ஒரு கருத்து இடுங்கள், வெளியே வந்துவிடுங்கள்.

படி 7: வருடத்தின் தாளம்

எல்லா மாதமும் ஒரே வேகத்தில் ஓட முடியாது. ஆன்கால் வாரத்திலும், பெரிய ரிலீஸ் வாரத்திலும், பேச்சு முடிந்த அடுத்த வாரத்திலும் வெள்ளிக்கிழமைப் பதிவைத் தவிர எல்லாம் பூஜ்யம். அமெரிக்கச் சில்லறை வணிக கிளையண்டுகள் நவம்பர் கடைசியில் நன்றி தெரிவிக்கும் நாளையொட்டிப் புது மாற்றங்களை நிறுத்திவைத்துப் புத்தாண்டு வரை இழுப்பது வழக்கம். கட்டுரைக்கும் டிசைன் ஆவணத்துக்கும் அந்த ஐந்தாறு வாரம் பொற்காலம். ஜனவரியில் பொங்கல் லீவை விட்டுக்கொடுக்காமல் எடுங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து ஐந்து வேலை நாள் லீவை, வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் அடைத்துவிடுங்கள். லீவைக் காசாக்கும் ஆசை பலருக்கு உண்டு. அந்தக் காசு பின்னால் மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பும் உண்டு.

இரவு 10.30-க்கு கால் முடிந்தால் மறுநாள் 10 மணிக்கு முன் தொடங்காதீர்கள். இதை டீமிடம் ஒருமுறை சொல்லி, காலண்டரிலும் மறித்து வையுங்கள். ஐந்து இரவு கால்கள் இருந்தால் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போவதற்கு ஏற்பாடு கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து லைக் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். முன்பின் அறியாத டீமில் இருந்து உங்கள் பக்கத்தை யாராவது டேக் செய்கிறார்களா? முடிவு எடுத்த பிறகு தகவல் சொல்லாமல், எடுக்கும் முன்பே டிசைன் ரிவ்யூவுக்குக் கூப்பிடுகிறார்களா? கேள்வி கேட்பவர் நீங்கள் எழுதிய சோதனைகளை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டு வருகிறாரா? மூன்றில் ஒன்று நடந்தாலும் சரியான பாதை. ஒன்றுமே இல்லை என்றால் நேரத்தைக் கூட்டாமல் பொருளைக் குறுக்குங்கள்.

மொத்த வேலை நேரம் தொடர்ந்து இரண்டு வாரம் 50 மணியைத் தாண்டினால் வெட்ட வேண்டிய வரிசை இது: முதலில் லிங்க்ட்இன், அடுத்து மாநாட்டுப் பேச்சு, அடுத்து கட்டுரை, அடுத்து கேள்விகளுக்கான அரை மணி நேரங்கள். வெள்ளிக்கிழமை இருபது நிமிடத்தில் கை வைக்காதீர்கள். சுமையைக் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் போகும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டிய ஆதாரமும் அதுதான்.